யூதர் இல்லாத ஹிட்லர்

எங்கள் பக்கத்தில் ஹிட்லர் என்றால் ஒரு தலைமையாசிரியர். இல்லாவிட்டால் மாமனார், விடுதிக் காப்பாளர், அலுவலகத்து மேலாளர். செங்கல்பட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளில் விசாரித்தால், பிரம்போடு தாழ்வாரத்தில் நடந்த யாரோ ஒருவருக்கு மாணவர்கள் அந்தப் பட்டத்தைச் சூட்டியிருப்பார்கள். அவர் ஓய்வுபெறும் நாளில் அதே மாணவர்கள் மேடையேறி அதைப் பாசத்தோடு நினைவுகூர்வார்கள், அவரும் மாலையை ஒதுக்கிக்கொண்டு சிரிப்பார். 1982இல் சிவாஜி கணேசன் நடித்து வந்த படம் 'ஹிட்லர் உமாநாத்'. சில ஆண்டுகளுக்கு முன் வீடுகளில் ஓடிய தொலைக்காட்சித் தொடர் 'திருமதி ஹிட்லர்'. 2024இல் ஒரு படம் வெறுமனே 'ஹிட்லர்' என்றே வந்தது. யாருக்கும் முகம் கோணவில்லை. எனக்கும் உடனே கோணிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காதில் விழுந்து பழகிய ஒன்றுக்கு முகம் கோண நாளாகும். நெடுநாளாக உள்ளே கிடந்து உறுத்துவது அந்தப் பெயர் இங்கே புழங்குவதைப் பற்றியதுகூட இல்லை. அந்தப் பெயரோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய மனிதர்கள் ஒருவர்கூட வராமல், அது மட்டும் தனியே வந்து நம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறதே, அது. ஐரோப்பாவில் அந்தப் பெயரைச் சொன்னதும் பின்னால் ஒரு ரயில் வரும், ரயிலுக்குள் குடும்பங்கள் வரும். இங்கே பின்னால் வருவது விறைப்பான ஒரு நடையும் ஒரு மீசையும்தான். நம்மிடம் இருப்பது யூதர் இல்லாத ஹிட்லர்.

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் பயணிகள் விட்டுப்போகும் புத்தகங்களை வாங்கி விற்கிற கடைகள் உண்டு. உப்புக் காற்றில் அட்டை நெளிந்து, பக்கங்களுக்கிடையில் மணலோடு, ஜெர்மன் துப்பறியும் நாவல்களும் பிரெஞ்சு வழிகாட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கும். அங்கே ஜெர்மன்காரர் ஒருவர் நின்று புத்தகம் புரட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம், இவர் சென்னைக்குப் போய் நடைபாதைக் கடையில் ஹிட்லரின் தன்வரலாற்றைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று தோன்றும். அது அங்கே சுயமுன்னேற்றப் புத்தகங்களோடுதான் கிடக்கிறது. பக்கத்தில் பணம் சேர்க்கும் வழி, இந்தப் பக்கம் கனவு காணும் வழி, நடுவில் 'எனது போராட்டம்'. 1925இல் முதல் பாகம் வந்த அந்த நூலின் உரிமையை போருக்குப் பின் பவேரிய மாநில அரசு வைத்திருந்தது. உரிமை 2015 முடிவில் காலாவதியான பிறகு, மியூனிக்கின் சமகால வரலாற்று நிறுவனம் 2016இல் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. இரண்டு பெரிய தொகுதிகள், ஏறக்குறைய 2000 பக்கங்கள், 3,500க்கும் மேற்பட்ட குறிப்புகள். ஒரு பொய்யைக்கூடத் துணையில்லாமல் தெருவில் விடக் கூடாது என்பதுபோல மூலத்தைச் சுற்றிலும் குறிப்புகள் காவல் நிற்கும். நம் பதிப்புகளில் நான் புரட்டிப் பார்த்தவரை குறிப்பென்று ஒன்றுகூட இல்லை. வாசித்தவர்களைக் கேட்டால், வியன்னாவில் பசியோடு அலைந்த ஒருவன் ஒரு தேசத்தையே கையில் எடுத்த கதை என்கிறார்கள். யூதரைப் பற்றிய பக்கங்கள்? அவற்றை ஏதோ வெளியூர்ப் பங்காளிச் சண்டை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். வெறுப்பைப் படித்து வெறுக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பதில் ஆறுதல் கொள்ளலாமா என்று யோசித்திருக்கிறேன். கொல்லப்பட்டவர்கள் கண்ணில் படாமலே கொன்றவனின் உறுதியை மெச்சப் பழகுவது அதைவிட எந்த வகையில் நல்லது என்று தெரியவில்லை.

இதற்கொரு வரலாறு இருக்கிறது, அது அசட்டுத்தனத்தின் வரலாறு மட்டுமன்று. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு போட்டபோது, வெள்ளைக்காரனையும் ஒருவன் அடிக்க முடியும் என்பதை இந்தக் கரை கண்ணால் பார்த்தது. பெர்லினிலிருந்து இந்திய விடுதலைக்காக உழைத்த செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்ற கதை இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. இந்தியரை இழிவாகப் பேசிய ஹிட்லரை அவர் மன்னிப்புக் கேட்க வைத்தார் என்ற இன்னொரு கதையும் கூடவே வரும். செண்பகராமன் 1934இல் பெர்லினில் இறந்தார். பிறகு சுபாஷ் சந்திர போஸ். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் அவருடைய படையில் சேர்ந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் நேதாஜி படத்துக்கு இன்னும் மாலை உண்டு. அந்த மாலையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் போஸ் 1941 ஏப்ரலில் பெர்லின் போய்ச் சேர்ந்து 1943 பிப்ரவரி வரை இருந்தார். அவர் அங்கே இருந்தபோதுதான், 1941 அக்டோபர் 18 அன்று, நகரின் மேற்கே உள்ள க்ருனவால்ட் ரயில் நிலையத்திலிருந்து பெர்லின் யூதர்களை ஏற்றிய முதல் வண்டி கிழக்கே புறப்பட்டது. 1942 மே மாதக் கடைசியில் அவர் ஹிட்லரைச் சந்தித்த நேரத்தில் இப்படிப் பல வண்டிகள் போயிருந்தன. நம் நேதாஜி வரலாறுகளில் நீர்மூழ்கிக் கப்பல் இருக்கிறது, வானொலி இருக்கிறது. இந்த ரயில் நிலையம் இல்லை. பகைவனுக்குப் பகைவன் என்ற கணக்கில் மூன்றாவது ஆளுக்கு இடம் கிடையாது.

அப்படியானால் யூதர் என்பவர் தமிழருக்கு எந்த வழியாக வந்தார்? ஆளாக வந்ததற்கு முன்பும் பின்பும், பாத்திரமாக வந்தார். கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம், 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணிசெய்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளோடு சேர்த்துச் சொல்லப்படுகிற மரபு. மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைய, விம்மலோடு ஏறி இறங்கும் அந்த வாசிப்பைக் கேட்டவர்களுக்கு அதன் உருக்கம் தெரியும். அந்த உருக்கத்துக்கு எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பாஸ்கு நாடக மேடைகளில் தாடி ஒட்டிக்கொண்டு கத்துகிற அந்தக் கூட்டம் யூதர் என்றே அறியப்பட்டது. ரோம் 1959இல் பெரிய வெள்ளி மன்றாட்டிலிருந்து யூதரைப் பழித்த அடைமொழியை நீக்கியது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் மரணத்துக்காக யூத இனம் முழுவதையும் குற்றவாளியாக்கக் கூடாது என்று அறிவித்தது. இந்தச் செய்தி எல்லா மேடைகளுக்கும் வந்து சேர்ந்ததா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆளாக வந்த யூதரோ சத்தமில்லாமல் வந்து போனார்கள். சென்னை பவழக்காரத் தெருவின் பெயரில் அவர்கள் தொழில் இருக்கிறது. லண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் வந்த போர்த்துகீசிய யூத வணிகர்கள் மத்தியதரைக் கடலின் பவழத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டாவின் வைரத்தைக் கொண்டுபோனார்கள். 1688இல் மதராஸ் மாநகராட்சி அமைந்தபோது அதன் முதல் ஆல்டர்மன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். தங்க சாலைப் பக்கம் இருந்த அவர்களுடைய இடுகாட்டிலிருந்து கற்கள் பெயர்க்கப்பட்டு, இப்போது மிஞ்சியவை லாயிட்ஸ் சாலையில் ஒரு சிறு மதிலுக்குள் நிற்கின்றன. மூன்று நூற்றாண்டு பக்கத்தில் இருந்தவர் நினைவில் இல்லை; மேடையில் கத்தியவர் இருக்கிறார்.

பார்த்தறியாத ஒருவரைப் பற்றிய கருத்துக்குத்தான் எவ்வளவு பலம். ஹிட்லர் சில யூதரை மிச்சம் வைத்ததற்கு அவரே ஒரு காரணம் சொன்னதாக ஒரு வாசகம் காசா மீது குண்டு விழும் ஒவ்வொரு முறையும் தமிழ் வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிறது. மீதமிருப்பவரைப் பார்த்தால் தான் ஏன் கொன்றேன் என்பது உலகுக்குப் புரியும் என்று அவர் சொன்னாராம். அவர் அப்படிச் சொன்னதற்கு எந்தச் சான்றும் கிடையாது. பலஸ்தீனக் குழந்தையின் படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவரே அடுத்த நொடியில் அதை அனுப்புகிறார். காசாவில் நடப்பதைக் கண்டிக்க ஹிட்லரின் சாட்சி எதற்கு என்று கேட்டால் அவருக்கு உண்மையிலேயே விளங்குவதில்லை. இன்னொரு பக்கத்தில் வேறொரு வகையினர். இஸ்ரேலை முஸ்லிம்களை அடக்கத் தெரிந்த நாடென்று வியப்பவர்கள். இவர்களில் பலர் அதே மூச்சில் ஹிட்லரையும் வியக்கிறார்கள், முரண் ஒன்றும் தட்டுப்படாமல். 1939இல் இந்துத்துவச் சிந்தனையாளர் கோல்வல்கர் தன் சிறு நூலில் ஜெர்மனியின் இனப்பெருமிதத்தை இந்தியாவுக்குப் பாடமாகக் காட்டியதை நினைத்தால், இந்த இரட்டை வியப்புக்கு நீண்ட வேர் இருப்பது தெரியும். இரு தரப்புக்கும் பொதுவானது ஒன்று: யூதர் அங்கே ஆள் கிடையாது, வேறொருவரை அடிக்க உதவும் ஒரு பொருள். ஜெர்மனியில் யூத எதிர்ப்பு பக்கத்து வீட்டுக்காரரைக் கைவிட்டதில் முடிந்தது. இங்கே பக்கத்து வீட்டில் யூதர் இல்லாததால் அந்த வெறுப்பு எதிலும் முடியவில்லை என்று தோன்றலாம். ஆனால் ஒரு முழு மக்களையும் ஒரே குணமாகச் சுருக்குகிற பயிற்சி வீணாவதில்லை. அதற்குப் பக்கத்து வீட்டில் எப்போதும் யாரோ ஒருவர் கிடைத்துவிடுகிறார்.

இதைவிட நுட்பமான ஒரு பழக்கமும் நம்மிடம் உண்டு, அதைப் பற்றி எழுதத்தான் கை தயங்குகிறது. நாங்கள்தான் இந்நாட்டு யூதர்கள் என்று சொல்லிக்கொள்வது. 2005இல் ஓர் ஆங்கில வார இதழில் தமிழ்ப் பிராமணர் நிலை யூதர் நிலையைப் போன்றது என்ற பேச்சு தலைப்பாகவே வந்து பெரிய வாதங்களைக் கிளப்பியது. வேலை ஒதுக்கீட்டையும் மேடை வசையையும் விஷவாயு அறையோடு ஒரே வாக்கியத்தில் வைக்க முடிந்ததே என்று அன்று பலர் கொதித்தார்கள். ஈழ ஆதரவு மேடைகளிலோ அதே ஒப்புமை நேரெதிரான நம்பிக்கையோடு வந்தது: சிதறடிக்கப்பட்ட யூதர் நாடு கண்டார்கள், தமிழரும் காண்பார்கள். அந்த இஸ்ரேலின் ஆலோசகர்கள்தான் 1984 வாக்கில் கொழும்புக்கு வந்து இலங்கைப் படைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்பது அந்த உவமையைக் குலைக்கவில்லை. 2009 மே மாதத்துக்குப் பின் முள்ளிவாய்க்காலைப் பற்றிப் பேசும்போது, சாதாரணச் சொற்கள் போதாத இடத்தில் ஐரோப்பிய யூதரின் பேரழிவு உதவிக்கு வந்து நின்றது. துக்கத்தில் இருப்பவர் கைக்குக் கிடைத்த மொழியைப் பற்றிக்கொள்வதைக் கேள்வி கேட்பது கொடுமை. ஆனாலும் ஒரு சங்கடம் போகவில்லை. ஒப்பிட வேண்டும் என்றால் மட்டும் அவர்களை நினைக்கிறோம். நம்முடைய துன்பத்தை எடைபோடும் படிக்கல்லாக அவர்களை வைத்துக்கொள்கிறோம். படிக்கல்லுக்குச் சொந்தமாக ஒரு பாடு உண்டென்பது எடைபோடுகிறவனின் யோசனையில் வராது.

சொந்தப் பாடு என்று எண்ணும்போது ஹெர்மன் காலன்பாக் நினைவுக்கு வருகிறார். கிழக்குப் பிரஷ்யாவில் வளர்ந்து ஜோகன்னஸ்பர்க்கில் தொழில் செய்த யூதக் கட்டடக் கலைஞர். 1910இல் தனக்குச் சொந்தமான 1,100 ஏக்கர் நிலத்தைக் காந்தியின் சத்தியாகிரகிகளுக்காகத் திறந்துவிட்டார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர். சிறைக்குப் போன போராளிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின, அவர்களில் கணிசமானோர் தமிழர். தில்லையாடி வள்ளியம்மையைத் தெருப்பெயராகவும் சிலையாகவும் அறிந்த நமக்கு, அந்தப் போராட்டத்தின் பிள்ளைகள் யார் நிலத்தில் ஆரஞ்சு பறித்துத் தின்றார்கள், யார் சொல்லிக்கொடுத்துச் செருப்புத் தைத்தார்கள் என்பது தெரியாது. அதே காலன்பாக் 1914இல் காந்தியோடு லண்டன் வந்து சேர்ந்தபோது போர் மூண்டிருந்தது. அவர் கையில் இருந்தது ஜெர்மன் குடியுரிமை. இந்தியாவுக்கு வர அனுமதி மறுக்கப்பட்டு, பகை நாட்டவர் என்று முகாமில் அடைக்கப்பட்டார். காந்தியை மறுபடி காண 1937 ஆயிற்று. 1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனியெங்கும் தொழுகைக் கூடங்கள் எரிந்தன. அந்த மாதம் 26ஆம் தேதி ஹரிஜன் இதழில் காந்தி, ஜெர்மானிய யூதர் அங்கேயே நின்று அறப்போர் செய்ய வேண்டும் என்று எழுதினார். யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் அதற்கு நீண்ட மறுப்பு எழுதினார். யார் சொன்னது சரி என்பது பெரிய வழக்கு, இங்கே அதற்குள் போகவில்லை. எனக்குத் தங்கிவிடுவது வேறொரு சிறிய விஷயம். தமிழருக்கு வீடு கொடுத்தவர் என்பதோ யூதர் என்பதோ காலன்பாக்கின் கோப்பில் பொருட்படவில்லை. ஜெர்மானியர் என்ற ஒற்றைச் சொல் மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டது.

அடுத்த போரில் அதே கோப்பு இந்தியாவிலேயே திறக்கப்பட்டது. 1933க்குப் பின் ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி இந்தியா வந்த யூதர் பெருங்கூட்டம் இல்லை. நுழைவதற்கே உத்தரவாதம் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. வந்தவர்களில் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆனார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், கோட்டிங்கனில் வேலை பறிக்கப்பட்ட இயற்பியலாளர் மாக்ஸ் போர்னை 1935இல் பெங்களூருக்கு வரவழைத்தார், நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் முயன்றார். சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர் இங்கெதற்கு என்று ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் ஆட்சேபம் எழுப்ப, அந்த முயற்சி கைகூடவில்லை. 1938 அக்டோபரில் ஜெர்மன் அரசு யூதரின் கடவுச்சீட்டில் சிவப்பு மையில் ஜே என்ற எழுத்தைக் குத்தத் தொடங்கியது. 1939 முதல் ஆணுக்கு இஸ்ரேல், பெண்ணுக்கு சாரா என்று பெயரில் கட்டாயச் சேர்க்கை. அந்தச் சீட்டோடு வந்தவர்களில் பலரை, 1939 செப்டம்பரில் போர் அறிவித்ததும், பிரிட்டிஷ் இந்திய அரசு ஜெர்மானியர் என்று பிடித்து அடைத்தது. விசாரணைக் குழு ஒன்று வைத்துப் பலரை விட்டார்கள், 1940இல் சிலரை மறுபடி பிடித்தார்கள். டேராடூன் முகாமில் முள்வேலிக்குள் நாஜிக் கட்சிக்காரரும் நாஜிகளிடமிருந்து தப்பியவரும் இருந்தார்கள். அங்கிருந்து தப்பித் திபெத் போனதால் புகழ்பெற்ற ஹைன்ரிக் ஹாரர் எஸ்.எஸ். உறுப்பினர். லெம்பெர்கில் யூதராகப் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய முகம்மது அசது போர் முடியும்வரை இந்திய முகாம்களில் கிடந்தார், அவருடைய தந்தையும் தங்கையும் ஐரோப்பாவில் அழிக்கப்பட்டார்கள். 1941 நவம்பரில் பெர்லின் ஓர் ஆணையால் வெளிநாட்டில் வாழும் யூதரின் குடியுரிமையை ஒட்டுமொத்தமாகப் பறித்தது. இனி ஜெர்மானியரல்ல என்றது ஒரு தலைநகர். வேலிக்குள் மிஞ்சியிருந்தவர்களை ஜெர்மானியர் என்றே வைத்திருந்தது இன்னொரு தலைநகர். இரண்டு இடத்திலும் ஒரு எழுத்தர் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதினார், இரண்டு பேரும் அன்று மாலை வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அந்தப் பதிவேடு எங்கே போயிற்று என்று தேடினால் செங்கல்பட்டில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டினர் பதிவுச் சட்டம் 1939ஆம் ஆண்டினுடையது. போர்க்காலத்து வெளிநாட்டினர் சட்டம் 1940ஆம் ஆண்டினுடையது. அதை நீக்கிவிட்டு அதன் அதிகாரங்களை அமைதிக் காலத்துக்கு எடுத்து வந்தது 1946ஆம் ஆண்டுச் சட்டம். வெளிநாட்டவர் ஒருவரைக் குறிப்பிட்ட இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று ஆணையிட அதன் 3ஆம் பிரிவு போதுமானதாக இருந்தது. தான் வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை 9ஆம் பிரிவு அந்த ஆளின் தலையிலேயே வைத்தது. இந்தச் சட்டத்தைக் கொண்டுதான் 1990களில் தமிழ்நாட்டில் ஈழத் தமிழருக்கான சிறப்பு முகாம்கள் நடந்தன: வேலூர்க் கோட்டையின் திப்பு மகாலில், பூந்தமல்லியில், செங்கல்பட்டில். வழக்கில் பிணை பெற்றவர் சிறை வாசலில் இன்னோர் ஆணையைப் பெற்றுக்கொண்டு முகாமுக்குப் போவார். பிணை உண்டு, விடுதலை இல்லை. முகாமுக்கு நாள் கணக்கும் கிடையாது. உண்ணாவிரதம் இருந்தார்கள், 2010இல் செங்கல்பட்டு முகாமுக்குள் தடியடி நடந்து செய்தியானது, மறுபடி உண்ணாவிரதம் இருந்தார்கள். வெளியே பேருந்து நிலையத்தில் தாம்பரம், திருக்கழுக்குன்றம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள், கொளவாய் ஏரிக் கரையில் ரயில் போய்க்கொண்டிருந்தது. முகாம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அது பேச்சில் வராது. சிறையல்ல, முகாம் என்று அரசு சொன்னது. அந்த விளக்கம் ஊருக்கும் வசதியாக இருந்தது.

இங்கேதான் எனக்கு என் மீதே சந்தேகம் வருகிறது. படிக்கல் என்று பிறரைச் சொல்லிவிட்டு அதே கல்லை நானும் தூக்குகிறேனா? செங்கல்பட்டு முகாம் ஆஷ்விட்ஸ் ஆகாது, டேராடூனும் ஆகாது. ஆயுத வழக்குகளில் சிக்கியவர்கள் அங்கே இருந்தார்கள், 1991க்குப் பின் ஓர் அரசுக்கு இருந்த அச்சத்தைப் பொய்யென்று தள்ள முடியாது. ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் பொய்யாகும். நான் பார்க்க முயல்வது ஒப்புமையை அல்ல, வாரிசுரிமையை. ஒப்புமைக்குக் கற்பனை போதும். வாரிசுரிமைக்குப் பத்திரம் வேண்டும், இங்கே பத்திரம் இருக்கிறது. ஹிட்லரிடமிருந்து ஓடிவந்த ஒருவரை ஜெர்மானியர் என்ற சொல்லால் வேலிக்குள் வைத்த சட்டத்தின் மகள்தான், கொழும்பின் குண்டுகளிலிருந்து ஓடிவந்த ஒருவரை இலங்கையர் என்ற சொல்லால் வேலிக்குள் வைத்தாள். 1948இல் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதும் ஒரு சட்டம்தான். 1964இல் இரண்டு பிரதமர்கள் 5,25,000 பேர் இந்தப் பக்கம், 3,00,000 பேர் அந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டதும் ஒரு தாளில்தான். 2021இல் அகதி முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது, அது நல்ல மனத்தோடு நடந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் 1939, 1946 சட்டங்கள் போய்ப் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்தது. உடனேயே, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு ஆவணமில்லாக் குற்றத்திலிருந்து விலக்கும் வந்தது. விலக்கு பெற்றவர்களுக்காக மகிழ்கிறேன். அந்தத் தேதிக்கு அடுத்த நாள் படகிறங்கியவரை நினைக்காமலிருக்கவும் முடியவில்லை.

ஜெர்மனி இதையெல்லாம் கற்றுத் தேர்ந்துவிட்டதா என்றால் அங்கேயும் என் சஞ்சலம் தீரவில்லை. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் தொடங்கிய வேலை மனத்துக்கு நெருக்கமானது. கொண்டுபோகப்பட்டவர் கடைசியாகத் தன் விருப்பத்தில் வாழ்ந்த வீட்டு வாசலில், 10 சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு பதித்த ஒரு கல்: பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன நாள், முடிந்த இடம். 2023 மே மாதத்தில் அது ஒரு லட்சத்தைத் தொட்டது. 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக நுழைந்து அந்நாட்டில் குடியேறிய ஈழத் தமிழரின் பிள்ளைகள் இன்று அந்தக் கற்களைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் 2019 அக்டோபர் 9 அன்று, யூதரின் புனித நாளில், ஹால்லே நகரத் தொழுகைக் கூடத்தின் கதவைத் துப்பாக்கியோடு ஒருவன் உடைக்கப் பார்த்தான். கதவு தாங்கியதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள், வெளியே இருவர் மாண்டார்கள். கற்கள் பதித்த நாட்டில் கதவை நம்பித்தான் இருக்க வேண்டியிருந்தது. 2022இல் காஸ்ஸல் டாக்குமென்டா கண்காட்சியில் இந்தோனேசியக் குழுவொன்றின் ஓவியத்தில் யூதரை இழிவுபடுத்தும் உருவங்கள் இருந்தன. அவை இருந்தது உண்மை, இறக்கியது சரி. அடுத்த ஆண்டு, அதே கண்காட்சியின் தேர்வுக் குழுவிலிருந்த கவிஞர் ரஞ்சித் ஹோஸ்கோட்டே, மும்பையில் சியோனிசத்தையும் இந்துத்துவத்தையும் இணைத்துப் பேசவிருந்த ஒரு நிகழ்ச்சியை எதிர்த்து 2019இல் போட்ட கையெழுத்துக்காக யூத எதிர்ப்பாளர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு விலகினார். ஒருவருடைய வாழ்நாள் எழுத்து ஒரு பக்கம், பழைய கையெழுத்து ஒரு பக்கம். தட்டு கையெழுத்தின் பக்கம் தாழ்ந்தது. நினைவு அங்கே ஓர் அலுவலகமாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது. அலுவலகமாகிவிட்டால் அதுவும் படிவத்தைத்தான் கேட்கும்.

கல்லில் பெயர் வெட்டுவது இந்தக் கரைக்குப் புதிதில்லை. மாமல்லபுரத்தில் விடிந்ததிலிருந்து உளிச் சத்தம்தான், இப்போது பாதி இயந்திரச் சத்தம். பொடி பறந்து சாலையோர வேம்பெல்லாம் வெளுத்திருக்கும். தெற்கே சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள் டச்சு வணிகர்களின் கல்லறைகளைத் தொல்லியல் துறை பூட்டி வைத்துக் காக்கிறது. மண்டை ஓடும் குலச் சின்னமுமாகச் செதுக்கிய பலகைகளில் துணி வாங்க வந்து காய்ச்சலில் செத்தவர்களின் பெயர்கள் தெளிவாகப் படிக்கக் கிடைக்கின்றன. வணிகரை நினைக்க மாவட்டத்துக்கு ஒரு பூட்டும் சாவியும் இருக்கிறது. செங்கல்பட்டு முகாமில் ஆண்டுக் கணக்கில் இருந்தவர்களுக்காக ஒரு பலகை வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுவிட்டால் அதற்கும் ஒரு குழு அமையும், யார் பெயர் இருக்கலாம், யார் பெயர் கூடாது என்று அந்தக் குழு ஒரு பட்டியல் போடும் என்றும் தோன்றுகிறது. பலகையை விட அவசரமானது வேறொன்று. ஹிட்லரைக் கண்டிப்பான ஆள் என்று புரிந்துகொண்டதால், கொடுமை என்பது ஒருவருடைய குணம் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். கத்துகிறவனிடம்தான் பயப்பட வேண்டும், மெதுவாகப் பேசுகிறவர் நல்லவர். ஜெர்மானிய யூதருக்கு நடந்ததன் பெரும்பகுதி மெதுவாகப் பேசுகிறவர்கள் வழியாக நடந்தது. கடவுச்சீட்டில் ஓர் எழுத்தைக் குத்தியவர், ரயிலுக்குக் கட்டணம் கணக்குப் போட்டவர், காலியான வீட்டின் நாற்காலிகளைப் பட்டியலிட்டு ஏலம் விட்டவர், எவருக்கும் மீசை துடிக்கவில்லை. செங்கல்பட்டு முகாமின் ஆணைகளில் கையெழுத்திட்டவர்களும் நல்ல மனிதர்களாகவே இருந்திருப்பார்கள், பிள்ளைகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போயிருப்பார்கள். அங்கே மேடையில் யாராவது தலைமையாசிரியரை ஹிட்லர் என்று சொல்ல, கூட்டத்தோடு சேர்ந்து அவர்களும் சிரித்திருக்கலாம். அந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதானால் 1933இன் தீப்பந்த ஊர்வலத்திலிருந்து தொடங்க வேண்டாம். 1938 அக்டோபரில் ஒரு மேசையின் மீது மை காய்ந்துகொண்டிருந்த கடவுச்சீட்டிலிருந்து தொடங்கலாம். தங்கள் ஊரில் அப்படி ஒரு மேசை எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விலாசம் சொல்லத் தெரிந்த பிறகு, யாருடைய துன்பம் யாருடையதைப் போன்றது என்று நாம் வாதாடிக்கொள்ளலாம்.